அளவு ஜாக்கெட்

29 வருஷமாகக் கடையில் நான் சொல்லிவந்தது ஒரே எண்தான்: 34. கல்லூரியில் சேர்ந்தபோது அம்மா சொன்ன எண் அது. அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நான் கேட்டதில்லை. இடையில் கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், எடை பதினாறு கிலோ ஏறி ஐந்து கிலோ இறங்கியது. மோதிரம் விரலில் ஏறவில்லை என்று ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்கினேன். மூக்குக் கண்ணாடியின் பவர் மூன்று தடவை மாறியது. செருப்பு அளவுகூட ஒன்று கூடியது. 34 மட்டும் கல்வெட்டு மாதிரி அப்படியே நின்றது.

அதைச் சொல்லும் விதமும் மாறவில்லை. கடையில் ஆள் குறைவான நேரமாகப் பார்த்துப் போவேன். எதிரே நிற்பவர் ஆணாக இருந்தால் முதலில் கைக்குட்டை கேட்பேன், பிறகு நைட்டி பார்ப்பேன், கடைசியில்தான் அது. “முப்பத்தி நாலு” என்னும்போது குரல் தானாக இறங்கிவிடும். டப்பா வரும். பிரித்துப் பார்க்காமலே நிறத்தை மட்டும் சொல்வேன். தினத்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத் தருவார்கள். நம் ஊரில் கறுப்புக் கவர் என்பது நாப்கினுக்கும் பாடிக்கும் குவார்ட்டர் பாட்டிலுக்கும் பொதுவான சீருடை.

தையல்காரரிடமும் இதே கதைதான். ரவிக்கைத் துணி கொடுக்கும்போது பழைய ரவிக்கை ஒன்றையும் கூடவே கொடுப்போம், அளவு ஜாக்கெட் என்று. டேப் மேலே படவேண்டியதில்லை, கையைத் தூக்கி நிற்கவேண்டியதில்லை. “கையில மட்டும் அரை இஞ்சு பிரிச்சு விடுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என் பீரோவில் இருக்கும் அளவு ஜாக்கெட் என் தலைப்பிரசவத்துக்கு முந்தையது. அது யாருடைய அளவு என்று யாராவது கேட்டால், அப்படி ஒருத்தி முன்னே இருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

இதையெல்லாம் நான் யோசிக்கும்படி செய்தவள் என் அண்ணன் மகள். 13 வயது. 200 மீட்டர் ஓடுகிறவள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து காலையில் கிரவுண்டுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தாள். அண்ணி கேட்டால் ஒருநாள் தலைவலி, ஒருநாள் கால்வலி, ஒருநாள் வீட்டுப்பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் நான் வத்தல் பிழிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் வத்தலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “ஓடுனா ஆடுது அத்தை. பசங்க சிரிக்கிறாங்க. வலிக்கவும் செய்யுது.”

33 வருஷத்துக்கு முன்னால் நான் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிய அதே மூன்று வாக்கியங்கள்.

நானும் 200 மீட்டர் ஓடியவள்தான். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். நிறுத்தினேன் என்று சொல்வதும் சரியில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூனினேன். முதலில் தோளை முன்னால் வளைத்தேன். அப்புறம் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு ஓடப் பழகினேன். கை வீச்சு குறுகினால் கால் வீச்சும் குறுகும் என்பது ஓடுகிற எவருக்கும் தெரியும். சிம்மீஸ் மேல் சிம்மீஸ் போட்டேன். அதற்கும் மேலே ஒரு துணிப்பட்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டிப் பார்த்தேன். மூச்சு முட்டியது. மாவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கணுக்கால் சுளுக்கிக்கொண்டது என்றேன். பி.டி. டீச்சர் நம்பினார். நம்பாமலும் இருந்திருக்கலாம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விசில் ஊதியவர் அவர். அவருக்கு மட்டும் யார் என்ன சொல்லிக்கொடுத்திருக்கப் போகிறார்கள்?

அதே வருஷம்தான் அண்ணன் எக்சர்சைஸ் செய்யப் போனான். தகரக் கொட்டகை, ஆஞ்சநேயர் படம், கர்லாக்கட்டை. மாஸ்டர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, “லங்கோடு இருக்குதா?” இல்லை என்றதும், கட்டாமல் தண்டால் எடுக்கக்கூடாது, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா அன்று சாயங்காலமே கடைவீதிக்குப் போய்ச் சிவப்பு லங்கோடு இரண்டு வாங்கிவந்தார். எப்படிக் கட்டுவது என்று திண்ணையில் நின்று வேட்டிக்கு மேலேயே கட்டிக் காட்டினார். வீடே சிரித்தது. துவைத்த லங்கோடு வாசல் கொடியில் தெருப் பார்க்கக் காய்ந்தது. என்னுடையவை புழக்கடையில், துண்டுக்கு அடியில், காயாமல் கிடந்தன.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்பா செய்தது நல்ல காரியம். ஆண் உடம்பில் ஆடுகிற பாகத்தைக் கட்டித் தாங்கவேண்டும், இல்லாவிட்டால் வலிக்கும் என்ற அறிவு நம்மிடம் எத்தனையோ தலைமுறையாக இருந்திருக்கிறது. அதை வெட்கப்பட்டு மறைவாகச் சொல்லவில்லை, பயிற்சியின் முதல் பாடமாகச் சொன்னார்கள். அந்த அறிவு திண்ணையைத் தாண்டி வீட்டுக்குள் மட்டும் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், உலகத்தில் அது வீட்டுக்குள் வந்ததும் லங்கோடு வழியாகத்தான். 1977-ஆம் வருஷம், அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம். லிசா லிண்டால் என்ற இளம்பெண் தினமும் ஓடிக்கொண்டிருந்தார். மார்பு வலி பொறுக்கமுடியவில்லை. ஓட ஆரம்பித்திருந்த அவருடைய சகோதரி தொலைபேசியில் கேட்டார்: ஆண்களுக்கு இருக்கிற தாங்குபட்டை மாதிரி நமக்கு ஏன் ஒன்றும் இல்லை? இருவரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி லிண்டாலை விடவில்லை. பாலி ஸ்மித் என்ற சிநேகிதி நாடகங்களுக்கு உடை தைப்பவர், அவரிடம் சொன்னார். என்னென்னவோ தைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் சரிப்படவில்லை. ஒருநாள் லிண்டாலின் கணவர் தன்னுடைய தாங்குபட்டையை மார்பில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கிவந்து கேலி செய்தார். இவர்களுக்குப் பொறி தட்டியது. ஸ்மித்தின் உதவியாளராக இருந்த ஹிண்டா மில்லர் கடைக்குப் போய் இரண்டு வாங்கிவந்தார். பல்கலைக்கழக நாடக அரங்கின் தையல் அறையில் இரண்டையும் சேர்த்துத் தைத்தார்கள். தாங்குபட்டையின் ஆங்கிலப் பெயரான ‘ஜாக்ஸ்ட்ராப்’பை வைத்து முதலில் ஜாக்பிரா என்று விளையாட்டாக வைத்த பெயர், பிறகு மெதுவோட்டத்தைக் குறிக்கும் ‘ஜாகிங்’ என்ற சொல்லிலிருந்து ‘ஜாக்’ எடுத்து ஜாக்பிரா என்றே வேறு எழுத்தில் மாறியது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், வம்பே இல்லை. 1979-இல் காப்புரிமை கிடைத்தது. 2022-இல் மூவரையும் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

நிலாவில் மனிதன் கால் வைத்து எட்டு வருஷம் கழித்து நடந்த கதை இது. இரண்டு லங்கோட்டைச் சேர்த்துத் தைக்க அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

அண்ணன் மகளை, எங்கள் பாப்பாவை, கடைக்கு அழைத்துக்கொண்டு போவதற்கு முன்னால் கொஞ்சம் படித்துவைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். என் உடம்பைப் பற்றி 47 வயதில் நான் படித்த முதல் பாடம் அது. மார்பகத்துக்குள் எலும்பு இல்லை, தசையும் இல்லை. கொழுப்பும் சுரப்பிகளும்தான். அவற்றைப் பிடித்துவைத்திருப்பது மேலே உள்ள தோலும், உள்ளே சிலந்திக்கூடு போல் ஓடும் மெல்லிய நார்களும். ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1840-இல் அந்த நார்களை விவரித்து எழுதியதால் அவருடைய பெயரிலேயே அவற்றைச் சொல்கிறார்கள். தண்டால் எடுத்தால் பின்னால் இருக்கும் நெஞ்சுத் தசை வலுக்கும், முன்னால் தொங்குவதற்கு அதனால் எந்த உதவியும் இல்லை. வெளியிலிருந்து தாங்கினால்தான் உண்டு.

ஓடும்போது அது மேலும் கீழும் ஆடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். மேலும் கீழும், பக்கவாட்டில், முன்னும் பின்னும் என்று மூன்று திசையிலும் நகர்கிறது. எட்டு என்ற எண்ணைப் போல் சுழல்கிறது. உடம்பு மேலே எழும்பிவிட்ட பிறகு இது கொஞ்சம் தாமதமாக எழும்புகிறது. உடம்பு இறங்கத் தொடங்கும்போது இது இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாமதத்தில்தான் தோலும் நாரும் இழுபடுகின்றன, வலி வருகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் ஜோவானா வேக்ஃபீல்ட்-ஸ்கர் என்ற பேராசிரியை தன் குழுவோடு பல வருஷங்களாக இதையே அளந்துவருகிறார். பெரிய மார்பகம், தாங்கல் எதுவும் இல்லை என்றால் 15 சென்டிமீட்டர் வரை ஆடலாம். சிறியதும் ஆடத்தான் செய்யும், அது சும்மா இருக்கும் என்பது நம் கற்பனை. தளர்ந்த பிராவோடு ஓடினால் காலடியின் நீளமே 4 சென்டிமீட்டர் வரை குறையக்கூடும் என்றும் அவர்கள் கண்டார்கள். 2012 லண்டன் மாரத்தானில் ஓடிய பெண்களைக் கேட்டபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மார்பு வலி உண்டு என்றார்கள். மாரத்தான் ஓடுகிறவர்களின் கதையே அது.

இன்னொன்றுதான் என்னை நிறுத்தி உட்காரவைத்தது. 2016-இல் அந்தக் குழுவினர் இங்கிலாந்தில் 11 முதல் 18 வயது வரையிலான 2,089 பள்ளி மாணவிகளிடம் கேட்டு எழுதியது. மார்பகத்தின் காரணமாகத் தங்கள் விளையாட்டு பாதிக்கப்படுகிறது என்று சொன்னவர்கள் 46 சதவீதம். எங்கள் பள்ளிக்கூடத்தில் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் என் கணுக்கால் சுளுக்கும் ஒரு கணக்கில் ஏறியிருக்கும்.

முதலில் கோவை கிராஸ்கட் ரோட்டில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். மூன்றாவது மாடி, ஏசி, நல்ல வெளிச்சம், விற்பனைக்குப் பெண்கள். கறுப்புக் கவர் காலம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஸ்போர்ட்ஸ் பிரா என்றதும் அந்தப் பெண் எஸ், எம், எல் என்று மூன்றை எடுத்துப்போட்டாள். உள்ளே பஞ்சுத் தகடு வைத்தது. “இது எடுத்துக்கங்க்கா, நல்லா டைட்டா இருக்கும். போட்டா ஒண்ணும் தெரியாது.”

ஒண்ணும் தெரியாது. அவளுடைய பரிந்துரை முழுவதும் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது. ஓடினால் வலிக்குமா என்று அவளும் சொல்லவில்லை. பஞ்சுத் தகடு எதையும் தாங்குவதற்கு வைத்தது இல்லை, முலைக்காம்பு வெளியே தெரியாதிருக்க வைத்தது. வியர்வையை உறிஞ்சிக் கனத்து, துவைத்தால் சுருண்டுபோகிற சமாச்சாரம். பாப்பா டிரையல் ரூமுக்குள் போய் ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டாள். தலை வழியாகப் போட்டது பாதியில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையும் மேலே தூக்கிய நிலையில் நின்றுகொண்டிருந்தாள். இழுத்து இறக்கிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தாள். மார்பே இல்லாத மாதிரி தட்டையாக இருந்தது. “நல்லா இருக்கு அத்தை. ஆனா மூச்சு விட முடியல” என்றாள்.

எனக்கு என் துணிப்பட்டை ஞாபகம் வந்தது. அதே வேலையை இப்போது எலாஸ்டிக் போட்டு எழுநூறு ரூபாய்க்கு விற்கிறார்கள்.

விளையாட்டுக்கான பிரா இரண்டு வகைப்படும் என்று அப்போது படித்திருந்தேன். ஒன்று, எல்லாவற்றையும் நெஞ்சோடு சேர்த்து அமுக்குவது. மற்றது, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கிண்ணம் வைத்து ஏந்துவது. சின்ன உடம்புக்கும் மெதுவான வேலைக்கும் முதலாவதே போதும், யோகாவுக்கும் நடைக்கும் எதற்கு வீண் செலவு. மார்பு கனம் கூடக் கூட, ஓட்டமும் குதியும் சேரச் சேர, ஏந்துவதுதான் உதவும், அல்லது இரண்டும் கலந்தது. அமுக்குவது என்றும் ஏந்துவது என்றும் சாதாரணமாகத்தான் படித்தேன். கடையில் அந்தப் பெண் ‘ஒண்ணும் தெரியாது’ என்றபோதுதான் உள்ளே ஏதோ ஒன்று திறந்தது. அமுக்குவதற்கு நம்மிடம் வேறு பெயர் இருக்கிறது. அடக்கம்.

‘அடக்கமான பொண்ணு’ என்று பெண் பார்க்க வந்தவர்கள் என்னைச் சொன்னார்கள். பாராட்டுதான். நானும் சந்தோஷப்பட்டேன். இறந்தவர்களைப் புதைத்தாலும் அடக்கம் செய்தார்கள் என்றுதான் சொல்கிறோம். பணிவுக்கும் புதைப்புக்கும் ஒரே சொல் வைத்த மொழி, நாம் எதை எதோடு சேர்த்து நினைத்தோம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஒன்று சொல்லவேண்டும். மறைப்பதை நான் இளக்காரமாகப் பேசவில்லை. இன்றைய குமரி மாவட்டத்துப் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளும் உரிமைக்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிபட்டுப் போராடினார்கள். தோள்சீலைக்காக நடந்த அந்தப் போராட்டத்துக்குத் திருவிதாங்கூர் அரசு 1859-இல்தான் இறங்கிவந்தது. அவர்களுக்கு மூடுவது என்பது நிமிர்ந்து நடப்பதாக இருந்தது. எனக்கு அது கூனுவதாக இருந்தது. துணி ஒன்றுதான். யாருடைய கண்ணுக்காகக் கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் மாறிவிடுகிறது.

மறுவாரம் திருப்பூருக்குப் போனோம். கோவையிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். உலகத்துக்கே பனியன் தைக்கிற ஊர் பக்கத்தில் இருக்கும்போது ஏன் கிராஸ்கட் ரோட்டில் அலைகிறாய் என்று அண்ணி சொன்னதுதான் காரணம். காதர்பேட்டையில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதும், சிறு குறையினால் கழிந்ததும் குவியல் குவியலாகக் கிடக்கும். ஒரு சின்னக் கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா, கழுத்தில் டேப்பைத் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடை வைப்பதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் பிளாட்லாக் மிஷினில் இருந்தவராம்.

நான் குரலை இறக்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஏற்றிய குரலில் திருப்பிக் கேட்டார்: “பாப்பா என்ன வெளையாட்டுங்க்கா?”

முதல் கேள்வியே அதுதான். லங்கோடு மாஸ்டரை நினைத்துக்கொண்டேன்.

ஓட்டம் என்றதும் எழுந்து வந்தார். சுடிதாருக்கு மேலேயே மார்புக்குக் கீழே டேப்பைச் சுற்றினார். “மூச்ச விடு கண்ணு.” ஒரு எண். அப்புறம் மார்பு எடுப்பான இடத்தில் சுற்றி இன்னொரு எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிண்ணம். ஒரு அங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி. மொத்தம் அரை நிமிஷம் ஆகியிருக்காது. இந்த அரை நிமிஷத்தைத்தான் நான் 29 வருஷமாக யாருக்கும் கொடுக்கவில்லை.

குவியலிலிருந்து நாலைந்தை உருவினார். ஒவ்வொன்றின் அடிப்பட்டையையும் இரண்டு கையாலும் இழுத்து விட்டார். இரண்டைத் தள்ளிவைத்தார். “இழுத்தா வரோணும், விட்டா வந்த எடத்துக்கே போகோணும். இது போகுலீங். செத்த எலாஸ்டிக்.” தோள்பட்டையை நான் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தார். “தோளுப் பட்டைய நம்பாதீங்க்கா. அடிப்பட்டைதான் ஆளு. தோளு சும்மா கூட வருது, அவ்வளவுதான்.”

அது உண்மைதான் என்று பிறகு படித்தும் தெரிந்துகொண்டேன். கனத்தில் பெரும்பங்கை விலாவைச் சுற்றிய பட்டைதான் வாங்கவேண்டும். அது தளர்ந்திருந்தால் வேலை தோளுக்குப் போகிறது, தோள் பள்ளம் விழுகிறது. முதுகுப் பக்கம் பட்டை மேலே ஏறாமல் நேர்கோடாக நிற்கவேண்டும். அதற்குள் இரண்டு விரல் நுழையலாம், கை நுழையக்கூடாது. கிண்ணத்தின் மேல் விளிம்பில் சதை பிதுங்கினால் கிண்ணம் சிறிது, துணி சுருங்கி மடிந்தால் பெரிது. பின்னால் கொக்கி வைத்தது நல்லது. புதிதில் கடைசிக் கொக்கியில் போட்டு, எலாஸ்டிக் தளரத் தளர உள் கொக்கிக்கு வரலாம். ஓடுவதற்குச் சுத்தப் பருத்தி வேண்டாம் என்றும் அந்த அம்மா சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பருத்திதான் நல்லது என்று வளர்ந்தவள் நான். “வேர்வையக் குடிச்சுப்போட்டு ஈரமாவே ஒட்டிக்கும். அப்புறம் அடில படை வரும்.” இந்தப் படைக்கு இன்னொரு காரணம் உண்டு, அது துண்டுக்கு அடியில் காயப்போடுவது. நம் வெட்கத்தினால் எத்தனை பேர் ஆயுசு முழுக்க அரை ஈரத்திலேயே உடுத்தியிருக்கிறோம் என்று நினைத்தால் கோபம் வருகிறது.

பாப்பா திரைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வந்தாள். “கையத் தூக்கு கண்ணு. பட்ட மேல ஏறுதா? இல்ல. இப்பக் குதி.” கடைக்குள் குவியலுக்கு நடுவே பாப்பா குதித்தாள். “இன்னும் நல்லாக் குதி. கடை ஒண்ணும் இடிஞ்சு போகாது.” குதித்தாள். முகத்தில் ஒரு சந்தேகம் வந்து நின்றது, நடக்கவேண்டிய ஒன்று நடக்கவில்லையே என்பது போல. மூன்றாம் தடவை அவளாகவே குதித்தாள்.

“உங்களுக்கு என்ன சைஸுங்க்கா?”

“முப்பத்தி நாலு.”

அந்த அம்மா என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டேப்பை எடுத்தார். என் முதுகுப் பக்கம் எக்ஸ்டென்ஷன் கொக்கி இரண்டு மாட்டியிருந்தது அவர் விரலில் தட்டுப்பட்டிருக்கவேண்டும். “38 சி” என்றார். என் இரண்டு தோளிலும் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் உண்டு. கைப்பை மாட்டி மாட்டி வந்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். நானே நம்பியும் வந்திருக்கிறேன்.

நீங்கள் ஸ்போர்ட்ஸ் பிரா போடுவதுண்டா என்று அவரைக் கேட்டேன். இல்லை, நமக்கெதற்கு என்பார் என எதிர்பார்த்துத்தான் கேட்டேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். “போடாமயா? கம்பெனில லேபிள் கோணலாப் போன பீஸ் ஒண்ணு சூப்பர்வைசரக் கேட்டு வாங்கிப் போட்டேன். அன்னைக்குச் சாயந்தரம் தோளு வலிக்குல. அதோட விடுலீங்.”

திரும்பும் ரயிலில் பாப்பா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். எனக்கு எங்கள் அம்மாயி ஊர் எல்லையில் இருந்த சுமைதாங்கிக் கல் நினைவுக்கு வந்தது. இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் பெயரில் அவளுடைய வீட்டார் நட்டது. இறக்கமுடியாத சுமையோடு போனவளுக்காக, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை இறக்கட்டும் என்று. சின்ன வயதில் அதன்மேல் ஏறிக் குதித்திருக்கிறேன். அதன் உயரம் ஏன் அப்படி என்று யோசித்ததில்லை. தலைச்சுமையோடு வருகிறவள் யாரையும் ‘ஒரு கை பிடி’ என்று கூப்பிடாமல், குனியாமல், அப்படியே நகர்த்தி வைக்கும் உயரம் அது. சாண் கூடினாலும் ஏற்றமுடியாது, சாண் குறைந்தாலும் இடுப்பு ஒடியும். நட்டவர்கள் ஒரு மனுஷி நிற்கும் உயரத்தை அளந்திருக்கிறார்கள். அவள் தலையில் சுமை உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கல் அந்தக் கனத்தை வாங்கி நேரே பூமிக்குக் கொடுக்கிறது.

அடக்குவதற்கு அளவு வேண்டாம். உள்ள வலுவையெல்லாம் போட்டு அமுக்கினால் போதும். எஸ், எம், எல்கூட அதற்கு அதிகம்தான், துணிப்பட்டை ஒன்றே எல்லோருக்கும் ஆகும். தாங்குவதற்குத்தான் அளவு வேண்டும். கனம் எவ்வளவு, அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று நின்று பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு அது அங்கே இருக்கிறது என்று முதலில் ஒத்துக்கொள்ளவேண்டும். அம்மா என்னை நேசிக்கவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்லமுடியாது. காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி போட்டவள். தாங்கு தாங்கென்று தாங்கினாள் என்றுதான் ஊர் சொல்லும். ஆனாலும் ஓர் இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள், அவளுடைய அம்மா மூடிக்கொண்ட மாதிரியே. பார்க்க மறுத்த அந்த இடத்தில் அவளுடைய அன்பு எனக்கு இறுக்கமாக வந்து சேர்ந்தது. நான் என் பிள்ளைகளுக்குக் கொடுத்தது எத்தனை இடத்தில் அளவு ஜாக்கெட் பார்த்துத் தைத்தது என்று எண்ண ஆரம்பித்தேன். பீளமேடு வரும்வரை எண்ணினேன்.

இப்போது பாப்பா மறுபடி கிரவுண்டுக்குப் போகிறாள். பையன்கள் சிரிப்பது நின்றுவிட்டதா என்று கேட்டேன். “சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், நான் முன்னாடி ஓடுறேன்ல, எனக்குக் கேக்காது” என்றாள். இது அவளே யோசித்துச் சொன்னதா, கோச் சொல்லிக்கொடுத்ததா தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

போன சனிக்கிழமை அண்ணி ஊரில் இல்லாததால் நான் நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு எல்லைக்கோட்டைத் தொடும் பயிற்சி. ஓட்டப்பந்தயத்தில் கால் முதலில் கடந்தாலும் கணக்கில்லை, தலை கடந்தாலும் கணக்கில்லை, கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள உடம்பு கோட்டைத் தொடும் கணம்தான் நேரம். நான் ஓடிய காலத்தில் இது எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் செய்திருக்கமாட்டேன். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா வெண்கலத்தைத் தவறவிட்டது நொடியில் நூறில் ஒரு பங்கில் என்று கோச் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு விசில். ஆறு பெண்கள் வளைவிலிருந்து வந்தார்கள். பாப்பா மூன்றாவது லேனில். கை இரண்டும் விலாவை விட்டு விலகி வீசி வந்தன. கோட்டருகே கோச் கத்தினார்: “நெஞ்ச முன்ன தள்ளு! தள்ளும்மா!”

தள்ளினாள். தோள் பின்னால் போக, கை இரண்டும் பின்னால் விரிய, பக்கத்து லேன் பெண்ணுக்கு அரைச் சாண் முன்னால் நெஞ்சு கோட்டைக் கடந்தது. நாலைந்து எட்டு தடுமாறி ஓடி நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி, என்னிடம் வந்தாள்.

“எவ்ளோ அத்தை?”

கையிலிருந்த போனைப் பார்த்தேன். நொடிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்த மறந்திருந்தேன்.